கிறிஸ்துமஸ் கேக்: குக்கரா, ஓடிஜியா?

டிசம்பர் பிறந்தால் நாகர்கோவில் மைனி (அண்ணி) கேட்கிற கேள்வி: "கேக் சுட ஓடிஜி, அதான் கரண்டில் ஓடும் சின்ன ஓவன், வாங்கணுமா, குக்கரே போதுமா?" இரண்டிலும் சுட்டுக் கருக்கியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

செலவு: குக்கர் வீட்டிலேயே இருக்கிறது, அடியில் பரப்பக் கல்லுப்பு வாங்கினால் சரி. ஓடிஜிக்குச் சில ஆயிரம் ரூபாய், மேடையில் இடமும் வேண்டும்.

பக்குவம்: உண்மையான வித்தியாசம் இங்கேதான். ஓடிஜியில் 160 டிகிரி வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போகலாம். பிளம் கேக் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிதானமாக வேகும், மேலும் கீழும் ஒரே பழுப்பு. குக்கரில் கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றி, 10 நிமிடம் சூடாக்கி, அப்புறம் சிம்மில் வைத்து அடுப்பையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் அடி கருகும். மேல்பக்கமோ வெளுத்து ஈரமாக இருக்கும். மட்டி வாழைப்பழம் மசித்து, எங்கள் குமரி மாவட்டத்து மாறாமலைக் கிராம்பு நாலு பொடித்துப் போட்ட கேக்குக்கு அந்த ஈரம் எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்.

எத்தனை நாள் உழைக்கும்: தண்ணீரில்லாமல் சூடாக்கினால் குக்கர் அடி வளையும். விசில் வராத பழைய குக்கரை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன்.

கரண்ட்: 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபின் எங்கள் தெருவில் நாள்கணக்கில் இருட்டு. ஊறப்போட்ட முந்திரியும் திராட்சையும் குக்கரில்தான் கேக்காயின.

வருஷத்துக்கு ஒரு கேக் என்றால் குக்கர் போதும். பிஸ்கட், பன் என்று வாராவாரம் சுடுகிறவர்களுக்கு ஓடிஜி. மைனி தெரு முழுக்கக் கேக் கொடுத்தனுப்புகிறவர். அவர் ஓடிஜியே வாங்கட்டும்.