குழுவில் சேராமல் குடியை விட்டு நிற்பது: நான்கு வழிகள், எது எதுவரை தாங்கும்?

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட விரும்புவோர் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குழு தொடங்கியதிலிருந்து, குடியை விட்டவர் என்றாலே வாராவாரம் கூட்டத்துக்குப் போகிறவர் என்ற எண்ணம் பலரிடம் பதிந்துவிட்டது. ஆனால் கூட்டம் எல்லாருக்கும் ஒத்துவருவதில்லை. பத்துப் பேர் முன்னால் தன் கதையைச் சொல்லக் கூசுகிறவர் உண்டு; மேலான சக்தியிடம் தன்னை ஒப்படைக்கும் பேச்சு ஒவ்வாத நாத்திகர் உண்டு; ஓரிரு ஆண்டு போய்வந்தபின், இனியும் குடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க விருப்பமில்லாமல் விலகியவரும் உண்டு. இவர்களுக்கு முன்னால் இருப்பவை மருந்து, உளவியல் பயிற்சி, வீட்டாரோடு செய்துகொள்ளும் ஏற்பாடு, எவர் துணையுமின்றித் தானே நிற்பது ஆகிய நான்கு வழிகள்.

குழுவைத் தவிர்க்க நினைப்பவர் முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிட வேண்டும். பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வின்படி, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பின்பற்றும் பன்னிரண்டு படி முறைக்கு நோயாளிகளை முறையாக ஆற்றுப்படுத்திய சிகிச்சைகளில் ஓராண்டு முடிவில் முழுமையாகக் குடிக்காமல் இருந்தவர்கள் ஏறத்தாழ 42 விழுக்காடு. மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 விழுக்காடு. குழுவின் பக்கம் சாதகம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. அதேபோல, மறுபக்கத்தில் இருக்கும் 35 விழுக்காட்டை ஒதுக்கிவிடவும் முடியாது. அந்தச் சாதகத்தில் தத்துவத்துக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு எளிய நடைமுறைக்கும் இருக்கிறது என்பது என் கணிப்பு: மாலையில் போவதற்கு ஓர் இடம், நள்ளிரவிலும் அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண், இரண்டு வாரம் காணாவிட்டால் விசாரிக்கும் சிலர். மாற்றுவழி எதுவானாலும் இந்த மூன்றையும் எப்படி ஈடுசெய்கிறது என்று கேட்டே அதை எடைபோட வேண்டும்.

ஒப்பீட்டுக்குள் போகும்முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் நிறையக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாட்களில் நடுக்கமும் மனக்குழப்பமும் கூடிய உளறல் நிலை உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த முதல் வாரம் மருத்துவர் கண்காணிப்பில்தான் கழிய வேண்டும். கீழே ஒப்பிடப்படுபவை அதற்குப் பிந்தைய காலத்துக்கானவை.

மருந்துகளில் மிகப் பழையது டைசல்ஃபிராம். 1940களின் இறுதியில் கோபன்ஹேகனில் அதன் விளைவு கண்டறியப்பட்டு, 1951இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளை மேலும் சிதையவிடாமல் இது தடுத்துவிடுவதால், மாத்திரை போட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். இது வேட்கையைக் குறைப்பதில்லை. பயத்தை மட்டுமே வேலிபோல் நிறுத்துகிறது. ஆனால் அந்த வேலிக்குள் ஒரு நுட்பமான பயன் இருக்கிறது. மருந்தின் விளைவு கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம்வரை நீடிக்கக்கூடும் என்பதால், இந்தச் சனிக்கிழமை குடிக்க ஆசைப்படுகிறவர் போன வாரமே மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். மாலை நேரத்துச் சபலத்தில் எடுக்கப்படும் முடிவு, பல நாட்களுக்கு முன்னால் தெளிந்த தலையோடு காலையில் எடுக்க வேண்டிய முடிவாக மாறிவிடுகிறது. அப்படி முன்கூட்டித் திட்டமிடப் பலருக்கும் மனம் வருவதில்லை. இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. மாத்திரையை விழுங்குவதை இன்னொருவர் பார்க்காவிட்டால், அது மெல்ல மெல்ல இழுப்பறைக்குள் போய்விடும். கல்லீரல் பாதிப்போ இதயநோயோ உள்ளவருக்கு இது பெரும்பாலும் ஏற்றதல்ல.

நால்ட்ரெக்சோனும் அகாம்ப்ரோசேட்டும் வேறு தன்மையுடையவை. 1994இல் குடிநோய்க்கு அமெரிக்க ஒப்புதல் பெற்ற நால்ட்ரெக்சோன், குடிக்கும்போது மூளையில் ஓபியாய்டுகள் (அபின் போன்று செயல்படும் பொருட்கள்) வழியாக எழும் களிப்பைத் தணிக்கிறது. ஆகவே தப்பித்தவறி முதல் கோப்பையைத் தொட்டவரை ஐந்தாவது கோப்பைக்குப் போகாமல் நிறுத்துவதுதான் இதன் பலம். நாளுக்கு ஒரு மாத்திரை போதும். மாதம் ஒருமுறை போடும் ஊசியாகவும் கிடைக்கிறது. ஓபியாய்டு வலிநிவாரணி எடுத்துக்கொள்பவர் இதைத் தொடக்கூடாது. அகாம்ப்ரோசேட் ஏற்கெனவே நிறுத்திவிட்டவரின் அலைபாய்வையும் உறக்கமின்மையையும் குறைப்பதாகக் கருதப்படுகிறது. நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மாத்திரை என்பது ஒழுங்கில்லாதவருக்குச் சுமை. சிறுநீரகம் நன்றாக இயங்க வேண்டும். 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அகாம்ப்ரோசேட்டை 12 பேருக்குக் கொடுத்தால் அதன் பயனாகக் கூடுதலாக ஒருவர் குடிக்கே திரும்பாமல் நிற்கிறார் என்றும், நால்ட்ரெக்சோன் மாத்திரைக்கு அந்த எண் 20 என்றும் கணித்தது. மிகைக்குடிக்குத் திரும்புவதைத் தடுப்பதில் நால்ட்ரெக்சோனுக்கான எண் 12. ஆனால் 1383 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2006இல் வெளியான கம்பைன் என்ற அமெரிக்க ஆய்வில் நால்ட்ரெக்சோன் பயன் தந்தது, அகாம்ப்ரோசேட் தரவில்லை. சறுக்கினால் வெள்ளமாகக் குடித்துவிடும் பழக்கமுள்ளவருக்கு நால்ட்ரெக்சோனையும், முழுமையாக நிறுத்தியும் மனம் அமைதிகொள்ளாதவருக்கு அகாம்ப்ரோசேட்டையும் பரிசீலிப்பது பொருத்தம் என்பேன், தேர்வு மருத்துவருடையது.

மருந்துக்கு நேர் எதிரே நிற்பது உளவியல் பயிற்சி. மருந்து தரும் காப்பு மருந்தோடு நின்றுவிடும். பயிற்சியில் கற்றது அமர்வுகள் முடிந்தபின்னும் கையில் இருக்கும். எந்த நேரத்தில், யாரோடு, எந்த மனநிலையில் கை கோப்பைக்குப் போகிறது என்பதைத் தன் வாழ்விலிருந்தே எடுத்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் மாற்றுச் செயலை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது இதன் அடிப்படை. வேட்கை எழுந்தால் அதனோடு மல்லுக்கட்டாமல், அது ஏறி உச்சம் தொட்டுத் தணிவதைக் கவனித்துக்கொண்டிருப்பதும் பயிற்சியில் சேரும். பெரும்பாலும் அது அரை மணிக்குள் தணிந்துவிடுகிறது. இத்துறையின் முன்னோடியான ஆலன் மார்லட் சுட்டிக்காட்டிய ஒன்று தனியே நிற்பவர்களுக்கு மிகவும் முக்கியம். சனிக்கிழமை இரவு ஒரு கோப்பை குடித்துவிட்டவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘எட்டு மாதமும் போச்சு, இனி என்ன இருக்கிறது’ என்று எண்ணுவார். முழு மறுவீழ்ச்சிக்கு அவரைத் தள்ளுவது முந்தைய இரவின் மதுவைவிட அந்தக் காலையின் எண்ணந்தான். ஒற்றைச் சறுக்கலை எங்கே காவல் தவறியது என்ற தகவலாகப் படிக்கப் பழக்குவது இந்த வழியின் தனிச்சிறப்பு. நாள் எண்ணிக்கையைக் கூட்டத்தில் அறிவிக்கும் மரபு சிலருக்கு ஊக்கம் தருகிறது, சிலருக்கு இதே வீழ்ச்சி மனப்பான்மையை வளர்த்தும் விடுகிறது.

இதற்கு ஆகும் காலமும் செலவும் பலரைத் தயங்கவைக்கின்றன. மூன்று சிகிச்சைகளை ஒப்பிட்ட, 1726 பேர் பங்கேற்ற மேட்ச் என்ற அமெரிக்க ஆய்வு 1997இல் வெளிவந்தபோது, நான்கே அமர்வு கொண்ட ஊக்கமூட்டும் சிகிச்சை, பன்னிரண்டு அமர்வு கொண்ட மற்ற இரண்டு சிகிச்சைகளுக்கும் ஏறத்தாழ இணையான பலனைத் தந்தது தெரியவந்தது. கற்றதை வீட்டில் செய்துபார்ப்பதுதான் கணக்கில் சேருகிறது. இவ்வழி தோற்பதும் அப்படித்தான்: ஆறு மாதம் நன்றாகப் போனதும் குறிப்பேடு மூடப்படுகிறது, பிறகு எதிர்பாராத இழப்போ பணிநீக்கமோ வரும்போது ஒத்திகை மறந்திருக்கிறது.

மூன்றாவது வழியான வீட்டு ஏற்பாட்டில், தம்பதியருக்கான நடத்தைச் சிகிச்சை ஒரு சிறிய அன்றாட நடைமுறையை வகுத்துத் தருகிறது. நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒருவர், ‘இன்று குடிக்காமல் இருக்கப் போகிறேன்’ என்கிறார், மாத்திரை இருந்தால் துணைவர் முன்னிலையில் விழுங்குகிறார், துணைவர் நன்றி சொல்கிறார், நாட்காட்டியில் குறிக்கிறார்கள். முன்பு குடித்து ஆடியதையோ இனிக் குடித்துவிடுவாரோ என்ற சந்தேகத்தையோ அப்போது எடுக்கக்கூடாது என்பது இருவருக்கும் விதி. டைசல்ஃபிராமின் பெரிய ஓட்டையை அடைப்பது இந்த இரண்டு நிமிடந்தான். ஆனால் துணைவரும் குடிப்பவராக இருந்தால், அல்லது வீட்டில் அடிதடி இருந்திருந்தால், இதைத் தொடங்கவே கூடாது. விதி மீறப்பட்டு வாயை மோந்துபார்ப்பதும் பையைத் துழாவுவதும் ஆரம்பமானால் ஏற்பாடு விரைவில் குலையும்.

எந்த உதவியும் இல்லாமல் தானே நிற்பவர்களைப் பற்றி மருத்துவ உலகம் குறைவாகவே பேசுகிறது. அவர்கள் மருத்துவமனைக்கு வருவதில்லை அல்லவா. அமெரிக்காவில் 2001–2002இல் நடந்த பெரிய மக்கள்தொகை ஆய்வில், முன்பு குடிக்கு அடிமையாக இருந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினரே எப்போதாவது சிகிச்சை பெற்றிருந்தனர். ஆயினும் 36 விழுக்காட்டினர் மீட்சி நிலையில் இருந்தனர். இதை மனவுறுதியின் வெற்றியாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. இப்படி மீள்பவர்களில் பலருக்கு அடிமைநிலை கடுமையாக முற்றியிருப்பதில்லை. பலருடைய சூழலும் மாறியிருக்கும். லீ ராபின்ஸ் வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர்களை ஆராய்ந்தபோது, அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் அடிமையானவர்கள் 12 விழுக்காடுதான். போதைப்பொருள் வேறு என்றாலும், இடமும் கூட்டாளிகளும் அன்றாட ஒழுங்கும் ஒருசேர மாறியதன் பலம் அதில் தெரிகிறது. ஆகவே தனியே நிற்கத் தீர்மானிப்பவர் வைராக்கியத்தைவிட மாலை ஏழு மணியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்: அந்த நேரத்தில் எங்கே இருப்பது, யாரோடு இருப்பது, வீட்டில் புட்டி இருக்கிறதா. பலமுறை நிறுத்தித் திரும்பவும் விழுந்தவர், தனியாக வசிப்பவர், மனச்சோர்வுக்கு ஆளானவர் ஆகியோருக்கு இந்த வழியை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்கையும் போட்டியாளர்களாக நிறுத்தினாலும், அவற்றின் பலம் வெவ்வேறு காலத்தில் வெளிப்படுகிறது. முதல் ஆண்டில் மருந்தும் பயிற்சியும் சேர்ந்தே நடப்பது நல்லது. அமைதியான வீடு வாய்த்தவர் அன்றாட ஏற்பாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். நால்ட்ரெக்சோனையும் அகாம்ப்ரோசேட்டையும் மருத்துவர் ஆலோசனையோடு நிறுத்தும்போது தனியாக விலகல் தொல்லை வருவதில்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து புதிய வேலை, நட்பு, மாலை வழக்கம் ஆகியவையே பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். பல பத்தாண்டுகள் ஆண்களைப் பின்தொடர்ந்த ஜார்ஜ் வைலண்டின் ஆய்வில், ஐந்து ஆண்டு முழுமையாக விலகியிருந்தவர்கள் திரும்பவும் வீழ்வது அரிதாகவே காணப்பட்டது.

அதுவரை, குழு தந்துவந்த தொலைபேசி எண்ணுக்கு ஈடாக ஒன்று வேண்டும். சறுக்கல் நேர்ந்தால் செய்ய வேண்டியதை நிதானமாக இருக்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான ஒருவரிடமும் ஒரு படி கொடுத்துவைக்கலாம்: மீதியைக் கொட்டிவிட வேண்டும், இன்னாரை அன்றிரவே அழைக்க வேண்டும், டைசல்ஃபிராம் எடுத்துவந்தவர் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மற்றவர் மறுநாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.