மடிக்கும் கயாக்கா, காற்றடிக்கும் கயாக்கா?

ஜியோகேச்சிங் என்பது ஒளித்துவைத்த டப்பாக்களை ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு. அதில் ஒரு டப்பாவுக்கு டெரெய்ன் 5, அதாவது போய்ச் சேர மிகக் கடினமான இடம், என்று போட்டிருந்தால் ஏதாவது தனிக் கருவி வேண்டும், பல நேரம் அது படகு. நடந்தே எட்டக்கூடிய டப்பாக்களை எடுத்து முடித்ததும் நானும் மனைவியும் படகு பார்க்க ஆரம்பித்தோம். கெட்டிப் பிளாஸ்டிக் கயாக் மூன்று மீட்டருக்கு மேல், எங்கள் புளோக்கின் மின்தூக்கிக்குள் நுழையாது, தாழ்வாரத்தில் போட்டால் வழியை அடைக்கும். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதலில் வாங்கியது காற்றடிப்பது. விலை குறைவு, நன்றாக அகலம், சதுப்புநில மர வேர்களுக்குள் கையை விட்டு டப்பாவைத் துழாவும்போது ஆடாமல் நிற்கும். சிப்பி கிழித்துவிடும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள்; ஒரு வருடத்தில் ஒரே ஒரு ஓட்டை, ஒட்டுப் போட்டோம், சரியாகிவிட்டது.

ஈரம்தான் தாங்கவில்லை. காற்றுப் பைகளுக்கு மேல் துணி உறை, அதன் மடிப்புக்குள் எல்லாம் உப்புத்தண்ணீரும் சேறும். உப்பு கொஞ்சம் தங்கினாலும் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் நல்ல தண்ணீரில் முழுதாக அலசியே ஆகவேண்டும், வீவக வீட்டுக் (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) குளியலறையில் அதைப் பாதிப் பாதியாகத்தான் அலச முடியும், அப்புறம் வரவேற்பறையில் விரித்து இரண்டு நாள் மின்விசிறி. டிசம்பர் மழையில் நான்கு நாள் ஆனது. ஒருமுறை அவசரத்தில் ஈரத்தோடு சுருட்டி வைத்தேன், அடுத்த வாரம் திறந்தால் கறுப்புப் பூஞ்சை.

அதை விற்றுவிட்டு மடிப்பதை வாங்கினோம். உடல் முழுக்க பாலிபுரொப்பிலீன் தகடு, துணியே இல்லை. அலசித் துடைத்தால் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். இருக்கையும் வார்களும் மட்டும் துணி காயப்போடும் கம்பில். மடித்தால் ஒரு பெட்டி, சாங்கியில் பம்போட்டில் (ஆளேற்றும் சிறு மோட்டார் படகு) ஏற்றி உபின் தீவுக்கே கொண்டுபோகிறோம். அங்கே சுங்கை ஜெலுத்தோங் ஆற்றில் கடல் ஏற்றம் உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நுழைந்து, தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் அதோடேயே வெளியே வந்துவிடுவோம். தாமதித்தால் சேற்றில் இறங்கித் தள்ள வேண்டும்.

குறை உண்டு. விலை கூட, பக்கவாட்டில் சாய்ந்தால் ஆடுகிறது. மடிப்புக் கோடுகள் எட்டு மாதத்தில் நன்றாகத்தான் இருக்கின்றன, ஐந்து வருடம் தாங்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. தோட்டமும் தண்ணீர்க் குழாயும் உள்ள தரைவீட்டில் இருக்கிறீர்களா, காற்றடிப்பதையே வாங்குங்கள்.