திரி வைத்த கட்டியும் வளையம் கோத்த கட்டியும்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தையல்காரிக்கு வலது அக்குளில் சீழ்க்கட்டி வரக் கூடாது. கத்தரிக்கோலை விரிக்கவே முடியவில்லை. அறுபது ரவிக்கை பாக்கி. சின்ன வெங்காயத்தைச் சுட்டு வைத்துக் கட்டிப் பார்த்தேன். கட்டி இன்னும் பழுத்ததுதான் மிச்சம்.

மூன்று வருடத்துக்கு முன் தொடையில் வந்த கட்டியை வேறொரு மருத்துவமனையில் கீறினார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டும் பாதி வலி தெரிந்தது. சீழ் கோத்த இடத்தில் அந்த மருந்து சரியாகப் பிடிக்காதாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மேல்தோல் அவசரப்பட்டு மூடிவிடக் கூடாது என்று குழிக்குள் காஸ் துணியைத் திரியாகத் திணித்தார்களே, அதுதான் தண்டனை. ஒன்பது நாள், தினமும் ஒட்டிக் காய்ந்த திரியை உருவிப் புதியதைத் திணிப்பார்கள். கட்டு மாற்ற ஒவ்வொரு முறையும் 200 ரூபாய், ஆட்டோ தனி. சர்க்கரை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த முறை திருச்சி தில்லைநகர்ப் பக்கம் ஒரு சிறிய கிளினிக். டாக்டர் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்: 214. பிறகு ஸ்கேன் வைத்துச் சீழ் எதுவரை பரவியிருக்கிறது என்று பார்த்து, கட்டியின் இரு ஓரத்திலும் அரை சென்டிமீட்டருக்குள் ஒவ்வொரு வெட்டு. சீழை வெளியேற்றி உப்புநீரால் கழுவினார். அப்புறம் செய்ததைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. பாவாடை மடிப்புக்குள் ஊக்கில் நாடாவை மாட்டி இழுப்போமே, அதேபோல ஒரு மெல்லிய சிலிக்கான் கயிற்றை ஒரு துளையில் நுழைத்து மறு துளையில் எடுத்து, வெளியே வளையமாகத் தளர்வாக முடிச்சுப் போட்டுவிட்டார்.

"தையல் போட்டு மூடிவிடக் கூடாதா டாக்டர்?"

"உள்ளே கிருமியை வைத்துக்கொண்டு வாயைத் தைத்தால் மறுபடி சீழ் கோக்கும், அம்மா."

ஊசியால் உறிஞ்சிவிடலாமே என்றார் பக்கத்து வீட்டு அக்கா. நர்சிங் படிக்கும் என் மகள் 2011இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைக் காட்டினாள்: உறிஞ்சியதில் நூற்றுக்கு 26 பேருக்குத்தான் பலித்தது, கீறியதில் 80 பேருக்கு. அக்கா அதற்குப்பின் பேசவில்லை.

வளையத்தோடு குளித்தேன். தினமும் அதை இப்படியும் அப்படியும் லேசாக இழுத்துவிட வேண்டும். சீழ் வடியும், மேலே சாதாரணத் துணி வைத்தால் போதும். மூன்றாம் நாள் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். எட்டாம் நாள் கயிற்றில் கத்தரியால் ஒரு வெட்டு, ஓர் உருவல், எறும்பு கடித்த அளவு வலி.

இரண்டும் வேறு வேறு இடம், தொடைக் கட்டி பெரியது. அதனால் தராசில் சரியாக நிற்காது. ஆனாலும் தொடையில் காஜா அளவுக்குத் தழும்பு, அக்குளில் இரண்டு புள்ளிதான்.

குறை இல்லாமல் இல்லை. மொத்தம் 4,500 ரூபாய், ரசீதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. டோக்கன் வாங்கி இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன், பத்துப் பேருக்கு ஒரே ஒரு பெஞ்சு. தொடையில் கட்டி வந்தவர் அங்கே போனால் நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும்.