ட்ரையர் சூடாகலன்னு யாரையாச்சும் கூப்பிடுறதுக்கு முன்னாடி இத வாசிச்சிருங்க

எங்க வீடு குலசேகரம் பக்கம். இடவப்பாதி மழை தொடங்கினா இங்க துணி காயாது, அது ஓஞ்சு கொஞ்சம் வெயிலக் கண்டோம்னு இருக்கும்போதே ஐப்பசி மழை வந்துரும். மாமா ரெண்டு வருசமா படுக்கையில, தெனமும் மூணு பெட்ஷீட், நாலஞ்சு துவர்த்து தொவைக்கணும், ஈரத்தோட விரிச்சா முதுகு புண்ணாயிரும். அதுக்காகத்தான் வீட்டுக்காரர் துபாயில இருந்து பைசா அனுப்பி ட்ரையர் வாங்கினோம். சூட்டுக் காத்த ஹோஸ் வழியா வெளிய தள்ளுற மாடல், 2000 வாட்ஸ்.

போன ஜூன்ல ஒரு நாள் ட்ரம் நல்லா சுத்துது, ஆனா துணி போட்ட மாதிரியே ஜில்லுன்னு கெடக்கு. அதுக்கு முன்னாடி ரெண்டு வாரமா ஒரு மணி நேரத்துல காயுறது ரெண்டு மணி நேரம் ஆச்சு, மழைக் காலம்லா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அப்பவே கவனிச்சிருக்கணும்.

போன்ல தேடினதும் கம்பெனி பேரப் போட்டு கஸ்டமர் கேர்னு ஒரு நம்பர் மேலயே வந்துச்சு, கூப்பிட்டா மறுநாளே ஒரு பையன் பேக்கோட வந்துட்டான். பின் மூடியக் கழத்தி பத்து நிமிசம் பாத்துட்டு, "அக்கா, ஹீட்டர் எலிமெண்ட் போச்சு, போர்டும் வீக்கா இருக்கு, ரெண்டும் மாத்தணும், 6,400 ஆகும்"னான். மாமாவுக்க துணிய நெனச்சு நான் பேரம் கூடப் பேசல. சாயா போட அடுக்களைக்குப் போயிட்டு வாறதுக்குள்ள வேலை முடிஞ்சுன்னு சொல்லி ஓட்டிக் காட்டினான், சூடு வந்துச்சு. பழைய பார்ட் எங்கன்னு கேட்டதுக்கு கம்பெனில திருப்பிக் கொடுக்கணும்னான். ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தான், அதுல ஜிஎஸ்டி நம்பரும் இல்ல, கடை அட்ரஸும் இல்ல. ஜிபேல பைசா போனது ஏதோ ஒரு ஆள் பேருக்கு.

பத்தொம்பது நாள் ஓடிச்சு. ஒரு ராத்திரி மாமாவுக்கு மருந்து கொடுத்துட்டு இருக்கேன், பஞ்சு கருகுற வாசம். ஓடிப் போய்ப் பாத்தா மெஷினுக்கு பின்பக்கம் கை வைக்க முடியல. மெயின ஆஃப் பண்ணிட்டு அங்கண நின்னுட்டேன், உடம்பெல்லாம் நடுங்குது. அந்த அறைக்கு அடுத்த அறையிலதான் எந்திரிக்க முடியாத மனுசன் படுத்திருக்காரு.

வீட்டுக்காரருக்க சித்தப்பா மகன் எலக்ட்ரீஷியன், லீவுக்கு வந்திருந்தாரு. பிளக்கப் புடுங்கிப் போட்டுட்டு தெறந்து என்னக் கூப்பிட்டுக் காட்டினாரு. எலிமெண்ட் புதுசு இல்ல, பழைய தூசி அப்படியே படிஞ்சு கெடக்கு. போர்டுல ஒரு ஸ்குரூவக் கூடத் தொடல. எலிமெண்ட் பக்கத்துல தெர்மல் கட்-அவுட்டுன்னு பொத்தான் சைஸ்ல ஒண்ணு இருக்கு, அதுல இருந்து ரெண்டு வயரையும் உருவி, நடுவுல ஒரு துண்டு வயர் போட்டு முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுத்தி வச்சிருக்கான். டேப் உருகி தார் மாதிரி ஒழுகி இருக்கு, அதுல நூல் பஞ்சு ஒட்டிக் கருகிப் போய் கெடக்கு.

அந்தக் கட்-அவுட் எதுக்குன்னா, சூடு அளவு மீறினா கரண்ட நிறுத்துறதுக்கு. சிலது நடுவுல உள்ள சின்ன பட்டன அமுக்கினா திரும்ப வேலை செய்யும், சிலது ஒரு தடவ போனா புதுசுதான் போடணும். எதா இருந்தாலும் அது பெரும்பாலும் சும்மா போகாது, காத்து எங்கயோ அடைச்சிருக்கான்னு பாக்கணும். எங்க வீட்டுல ஹோஸ் செவுத்துல முட்டி மடங்கி இருந்துச்சு, போதாததுக்கு பல்லி ஏறக் கூடாதுன்னு வெளி முனையில நானே கொசுவல கட்டி வச்சிருந்தேன், அதுல பஞ்சு அடைஞ்சு கம்பளித் துண்டு மாதிரி கெட்டியாயிருந்துச்சு. இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது, அது என் தப்புதான். ஆனா தெரிஞ்ச ஒருத்தன் காரணத்தத் தேடாம காவலையும் எடுத்துட்டுப் போனது பச்சத் துரோகம்.

கொழுந்தனார் மல்டிமீட்டர் வச்சு எலிமெண்டப் பாத்தாரு, 26 ஓம்ஸ் கிட்ட காட்டுச்சு. 230 வோல்ட், 2000 வாட்ஸ் எலிமெண்டுக்கு அதுதான் சரியான கணக்காம், அறுந்திருந்தா மீட்டர்ல ஓம்ஸ் அளவே வராது. நல்ல கட்-அவுட் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும், எங்களது அறுந்து போச்சு. நாகர்கோவில்ல அதே அளவு புதுசு 280 ரூபாய்க்கு வாங்கிப் போட்டாரு, ஹோஸ நேராக்கி, வலையப் பிச்செறிஞ்சோம், இப்ப பழையபடி ஒரு மணி நேரத்துல காயுது.

அதனால சொல்றேன், மொதல்ல ஃபில்டர், ஹோஸ், வெளி முனை மூணையும் பாருங்க. சூடில்லாத காத்து மட்டும் வாற மோடுல கெடக்கான்னு பாருங்க. வோல்டேஜும் பாக்கணும், மழை நேரத்துல 180க்கு எறங்கினா 2000 வாட்ஸ் எலிமெண்ட் 1200 சொச்சம்தான் கொடுக்கும், அதுக்கு மெஷின் என்ன செய்யும். ஆள் வந்தா பக்கத்துலயே நில்லுங்க, சாயா பெறவு போடலாம். எலிமெண்ட் போச்சுன்னா மீட்டர் வச்சுக் காட்டச் சொல்லுங்க, பழைய பார்ட்ட வீட்டுலயே வாங்கி வைங்க. நம்பர தேடி எடுக்காம மெஷினோட வந்த புக்குலயோ வாரண்டி கார்டுலயோ உள்ளதுக்குக் கூப்பிடுங்க.

அந்தப் பையன் வந்த கஸ்டமர் கேர் நம்பருக்கு இப்ப போன் போகல. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் நம்பர் 1915ல கூப்பிட்டு கம்ப்ளெய்ண்ட் பதிஞ்சிருக்கேன், நாகர்கோவில் கன்ஸ்யூமர் கோர்ட்டுலயும் போடப் போறேன், அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள கேசுக்கு ஃபீஸ் கெடையாது. அந்தக் கருகின வயர் துண்டு, துண்டுச் சீட்டு, ஜிபே ஸ்க்ரீன்ஷாட் பிரிண்ட் மூணையும் ஒரு கவர்ல போட்டு மாமாவுக்க மருந்துப் பெட்டி மேல வச்சிருக்கேன்.