குடல் இணைப்பில் ஐசிஜி கேமரா: சில வருட அனுபவம்

மலக்குடல் புற்றுநோய்க்கான ஆபரேஷனில் கட்டியுள்ள பகுதியை எடுத்துவிட்டு, மிச்ச இரண்டு முனைகளையும் ஸ்டேப்ளரால் இணைக்கிறோம். அங்கே ரத்த ஓட்டம் போதாவிட்டால் இணைப்பு விட்டு, மலம் வயிற்றுக்குள் கசியும். எங்களுக்கு மிகப் பெரிய பயம் அதுதான்.

முன்பெல்லாம் குடலின் நிறம், தமனித் துடிப்பு, வெட்டிய விளிம்பில் ரத்தம் சிவப்பாக வருகிறதா என்று பார்த்து முடிவெடுப்போம். இப்போதும் பார்க்கிறேன். ஆனால் லேப்ராஸ்கோப்பியில் கைவைத்துத் துடிப்பைப் பார்க்க வழியில்லை. ஐசிஜி (இண்டோசயனின் கிரீன்) என்ற சாயத்தை நரம்பில் ஏற்றி, ரத்தம் போகும் இடத்தில் அது ஒளிர்வதைத் தனிக் கேமராவில் பார்க்கும் முறை அங்கேதான் கைகொடுக்கிறது.

25 மில்லிகிராம் குப்பியை ஸ்டெரைல் வாட்டரில்தான் கரைக்க வேண்டும், சலைன் ஆகாது. மருந்தில் அயோடைடு இருப்பதால் அயோடின் அலர்ஜி உண்டா என்று முன்பே கேட்டுவிடுவோம். நரம்பில் ஏற்றிய ஒரு நிமிடத்துக்குள் குடல் திரையில் பச்சையாக ஒளிரத் தொடங்கும். பச்சை நிற்கும் கோடு பல நேரம் என் கண் குறித்த இடமாகவே இருக்கும். சில நேரம் அதற்கு மேலே இருக்கும். அப்போது தயங்காமல் மேலே தள்ளி வெட்டுவேன். ஆக்சிஜன் அளவு மானிட்டரில் சற்று நேரம் குறைந்து காட்டும், மயக்க மருந்து டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது நேரம். ரத்தம் குறைவான பகுதிகூட மெதுவாகப் பக்கத்திலிருந்து சாயம் பரவி, சில நிமிடத்தில் பச்சையாகிவிடும். அதை நம்பிவிடக் கூடாது. அதனால் ஊசி போட்டதும் ஒருவர் விநாடியை எண்ணிச் சொல்லுவார். கேமராவை அருகில் கொண்டுபோனாலும் எல்லாமே பிரகாசமாகத்தான் தெரியும், அதனால் தூரத்தை மாற்றுவதில்லை.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. ஜப்பானின் எசென்ஷியல் ஆய்வில் கசிவு 11.8 சதவீதத்திலிருந்து 7.6 ஆகக் குறைந்தது. அமெரிக்காவின் பில்லர் 3 ஆய்வில் ஐசிஜி இல்லாமல் 9.6, ஐசிஜியோடு 9.0, வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். எனக்கு இதில் வியப்பில்லை. குடல் இழுபட்டு இருப்பது, புகைப்பழக்கம், சத்துக்குறைவு எல்லாமே கசிவுக்குக் காரணங்கள். கேமரா காட்டுவது ரத்த ஓட்டத்தை மட்டும்தான்.

எனவே வெட்டும் இடத்தைத் தீர்மானிக்க இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆசனவாய்க்கு மிக அருகில் இணைக்கும்போது மட்டும், திரை முழுக்கப் பச்சையாக இருந்தாலும் தற்காலிக இலியாஸ்டமி (சிறுகுடலை வயிற்றில் ஒரு துளை வழியே வெளியே கொண்டுவந்து, மலத்தை இணைப்புக்குப் போகாமல் திருப்பிவிடுவது) போட்டுவிடுகிறேன்.