வியாசர்பாடி பெண்கள் பாக்ஸிங் பேட்ச்: சேரலாமா?

சுவரில் மேரி கோம் படம் மாட்டுவது சுலபம். 2007இல் இரட்டைக் குழந்தை பெற்றவர் 2008இல் மறுபடி உலக சாம்பியன் ஆனார் என்றால், நடுவே உடம்பைப் படிப்படியாகத் தேற்றிய உழைப்பு இருக்கிறது. இந்தக் காலை பேட்ச் அதைப் புரிந்து வைத்திருக்கிறது. பிரசவமானவர்களுக்கு எடுத்தவுடன் ஸ்கிப்பிங் கயிறு கிடையாது. டாக்டர் சரி சொன்ன பிறகு நடை, இடுப்புத்தளத் தசைப் (சிறுநீர்ப்பையைத் தாங்கும் தசை) பயிற்சி, அப்புறம்தான் குதிப்பது. குதிக்கும்போது சிறுநீர் கசிந்தால் உடனே சொல்லச் சொல்கிறார்கள். இதைப் பேசும் ஜிம்கள் குறைவு.

கிளவுஸுக்குள் கையில் சுற்றும் கைக்கட்டைச் சொல்லித்தருவதுதான் இங்கே அசத்தல். 180 அங்குலத் துணி. கட்டைவிரலில் வளையம், மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல்முட்டிகளில் மூன்று சுற்று, விரலிடுக்குகளில் ஒவ்வொன்று, மிச்சம் மறுபடி மணிக்கட்டுக்கு. விரல்களை விரித்து வைத்தே சுற்ற வேண்டும். சேர்த்து வைத்துச் சுற்றினால் கையை மடக்கும்போது இறுகி மரத்துப்போகும். கட்டைவிரலை உள்ளே மடக்கிக் குத்தினால் அடிபடும், மணிக்கட்டு வளைந்தால் சுளுக்கும். ஆளாளுக்குக் கையைப் பிடித்துத் திருத்துகிறார்கள்.

மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு. புதியவர்களுக்கு இரண்டு நிமிடமே போதும், கேட்டால் குறைப்பார்கள்.

குறை: குத்திப் பழகும் பை உயரமாகத் தொங்குகிறது. குள்ளமானவர்கள் தோளைத் தூக்கிக் குத்தி, கழுத்துவலியோடு வீட்டுக்குப் போகிறார்கள். சங்கிலியில் இரண்டு கண்ணி இறக்கினால் தீர்ந்தது! பொது கிளவுஸ் நாறுகிறது. சொந்தமாக 10 அவுன்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்ததும் கிளவுஸின் வாயை விரித்து ஃபேனுக்கடியில் காயவையுங்கள்.