உப்புக் காற்றில் நின்ற வண்டி: முன் பிரேக்குக்காக அலைந்த ஒரு வாரம்

ஷார்ஜாவிலிருந்து மூன்று வார விடுமுறையில் உச்சிப்புளிக்கு வந்திருந்தேன். பெட்டியை வீட்டுக்குள் வைத்த கையோடு கொட்டகைக்குப் போய் வண்டியைத்தான் பார்த்தேன். 2016இல் வாங்கிய 150 சிசி வண்டி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நான் தொட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. தம்பி வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்திருந்ததால் என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. முன் பிரேக் லிவர்தான் பஞ்சை அமுக்குவதுபோல் அமுங்கிக் கைப்பிடி வரை வந்தது. நாலைந்து முறை படபடவென்று அழுத்தினால் கொஞ்சம் கெட்டியானது. விட்டுப் பிடித்தால் மறுபடியும் பஞ்சு.

மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போவதாக இருந்தேன். பாம்பன் பாலத்தில் போனவர்களுக்குத் தெரியும். பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்ததிலிருந்து, அதைப் பார்க்க நிற்கிற கூட்டம் எந்த நேரத்திலும் சாலைக்குள் கால் வைக்கும். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு வந்துவிடுவதால், நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். பின் டிரம்மை மட்டும் நம்பி அம்மாவை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் போய் வந்தோம்.

அதற்கடுத்த நாள் ராமநாதபுரத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். முன் பிரேக்கின் ஆயிலுக்குள் ஏர், அதாவது காற்று, இருக்கிறது, ஆயிலை முழுவதும் மாற்றி ஏர் எடுத்துக் கொடுங்கள் என்று தெளிவாகச் சொல்லி, அட்டையிலும் எழுத வைத்தேன். மாலையில் வண்டி பளபளவென்று கழுவி நின்றது. பில்லில் பிரேக் ஆயில் என்று ஒரு வரி இருந்தது. கைப்பிடியில் இருக்கும் ஆயில் டப்பாவின் கண்ணாடியைப் பார்த்தேன். உள்ளே கடுங்காப்பி நிறம். புது ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். மேலே கொஞ்சம் ஊற்றி மூடியிருக்கிறார்கள், கீழே டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பரில், காற்றையும் ஆயிலையும் வெளியே விடத் திறக்கிற நிப்பிளைத் தொடவே இல்லை. நிப்பிளின் மேல் இருந்த மண் அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "டிஸ்க் பிரேக்னா கொஞ்சம் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார் அங்கிருந்தவர். அந்தப் பதில்தான் எனக்கு அதிகமாக வலித்தது. காசு போனால் போகட்டும். நிற்காத பிரேக்கைச் சரி என்று சொல்லி ஒருவரைச் சாலைக்கு அனுப்புவது சிறிய தவறு இல்லை. இரண்டு முறை பேசியபின் அந்த வரிக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஏர் இருந்தால் என்ன ஆகிறது என்பது எளிமையான விஷயம். லிவரை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது, அது குழாய் வழியாகப் போய்க் காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் பேடை (உராய்ந்து நிறுத்துகிற தகட்டை) டிஸ்க்கில் அழுத்துகிறது. ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். நடுவில் காற்றுக் குமிழ் இருந்தால் நம் கை கொடுக்கிற அழுத்தம் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். படபடவென்று அழுத்தினால் கெட்டியாவது ஏருக்கான அடையாளம். மாறாக, லிவரை ஒரே அழுத்தாகப் பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. அதற்கு ஏர் எடுத்துப் பயனில்லை.

மண்டபம் போகும் வழியில், சாலையோரம் தகரக் கூரைக்குக் கீழே ஒருவர் தனியாக மெக்கானிக் வேலை பார்க்கிறார். அறுபது வயது இருக்கும். தம்பி அங்கே கூட்டிப்போனான். அவர் லிவரை ஒரு முறை பிடித்துப் பார்த்தார். பிறகு குனிந்து நிப்பிளைப் பார்த்தார், ஸ்பேனரை எடுக்கவில்லை.

"தம்பி, இத இப்ப முறுக்குனா ஒடஞ்சுரும். உப்பு ஏறிக் கெடக்கு. வெளிநாடு போறவங்க வண்டி எல்லாம் இப்படித்தான் வருது."

கம்பித் தூரிகையால் நிப்பிளைச் சுற்றித் தேய்த்து, துரு இளக்குகிற ஸ்பிரே அடித்து, ராத்திரி முழுக்க ஊறட்டும் என்றார். மறுநாள் போனபோது மறுபடி அடித்தார். ரிங் ஸ்பேனரைப் போட்டு, திறக்கிற பக்கம் ஒரு மயிரிழை, மூடுகிற பக்கம் ஒரு மயிரிழை என்று கால் மணி நேரம் ஆட்டினார். கடைசியில் டக்கென்று ஒரு சத்தம். திறந்துவிட்டது. "உடையலண்ணே!" என்று நானும் தம்பியும் ஒன்றாகக் கத்திவிட்டோம். நிப்பிள் உள்ளே உடைந்திருந்தால் துளையிட்டு எடுக்க வேண்டும், சில சமயம் காலிப்பரையே மாற்ற வேண்டும். இரண்டு நாள் பொறுமையில் அவர் அந்தச் செலவைத் தவிர்த்துக் கொடுத்தார். அவர் கேட்ட கூலி நூறு ரூபாய். நான் கூடுதலாகக் கொடுத்ததை வாங்க அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது.

நம் கரையின் உப்பு விளையாட்டான விஷயம் இல்லை. இரும்பு எப்படி அரிக்கிறது என்று ஆராயவே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. புதிய பாம்பன் பாலத்தின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். பாலத்துக்கே அந்தக் கவனம் என்றால் விரல் நுனி அளவு நிப்பிள் எம்மாத்திரம்? அதன் மேல் ஒரு சின்ன ரப்பர் தொப்பி இருக்கும். என் வண்டியில் அது எப்போதோ விழுந்துவிட்டது. நூலிழைகளுக்குள் உப்பு இறங்க அதுவே போதும்.

ஏர் எடுக்கிற வேலையை வீட்டிலேயே செய்தேன். அவரே செய்து தருவதாகச் சொன்னார். ஆனால் நான் இல்லாதபோது தம்பி இதைச் செய்யத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். டாட் 4 என்ற தரத்தில் பிரேக் ஆயில் பாட்டில் ஒன்று, எட்டு நம்பர் ரிங் ஸ்பேனர், மீன் தொட்டிக்குப் போடுகிற, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு முழம், ஒரு காலித் தண்ணீர் பாட்டில், பழைய துணி. இவ்வளவுதான் சாமான். எந்த ஆயில் என்று டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 5 என்று தனியாக விற்கிற சிலிக்கான் ஆயிலை இதில் கலக்கவே கூடாது. என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய் ஒரு துளி பட்டாலும் உள்ளே இருக்கும் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கலாம். இறக்கத்தில் பிரேக் பிடித்தபடியே வந்தால் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகி பிரேக் பிடிக்காமல் போகும்; மலைப்பாதைக்காரர்கள் இதற்குத்தான் பயப்படுவார்கள். ராமநாதபுரத்தில் இறங்குவதற்கு மலை ஏது? நமக்குக் கவலை வேறு. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் தன்மை கொண்டது. குழாயின் ரப்பர் வழியாகக்கூட ஈரம் மெல்ல நுழையும். வண்டி நின்றுகொண்டே இருந்தாலும் நுழையும். அந்த ஈரம் காலிப்பருக்குள் இருந்து பிஸ்டனை அரிக்கும். அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். என் வண்டியில் ஐந்து வருடமாக மாற்றவில்லை. பேட் தேயத் தேய டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கி, மூடி வழியாக உள்ளே வந்த காற்றை மாஸ்டர் சிலிண்டர் குடித்திருக்க வேண்டும் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். வண்டி இரண்டு முறை சாய்ந்து விழுந்ததாகத் தம்பி அப்போதுதான் சொன்னான். அதுவும் காரணமாக இருக்கலாம்.

டேங்க் மேல் ஈரத் துணியைப் போர்த்தினோம். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஹேண்டிலைத் திருப்பி டப்பா மட்டமாக நிற்கும்படி வைத்து மூடியைக் கழற்றினோம். அந்த ஸ்குரூவும் துருப்பிடித்திருந்தது. பொருத்தமான ஸ்குரூ டிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் தலை வழுக்கிவிடும். கறுத்த ஆயிலை மருந்துக்கடை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பினோம். நிப்பிளில் முதலில் ஸ்பேனர், அதன் மேல் டியூப். டியூபின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும்.

அக்காள் மகன் பத்தாவது படிக்கிறான். அவன் லிவரில், நான் நிப்பிளில், தம்பி டப்பாவைப் பார்த்துக்கொண்டு. "அமுக்கு மாப்ள. பிடிச்சுக்கோ." நான் கால் சுற்றுத் திறப்பேன், ஆயில் டியூபில் பாயும், லிவர் கைப்பிடிக்கு இறங்கும். "விட்றாத!" நான் மூடுவேன். "இப்ப விடு." மூடுவதற்கு முன்னால் விட்டுவிட்டால் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிவிடும், செய்ததெல்லாம் வீண். முதல் பத்து முறை கறுப்பாக வந்தது. பிறகு குமிழ்கள் வந்தன, பாசிமணி கோத்த மாதிரி வரிசையாக. மருமகன் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, சோடா மாதிரி வருது" என்றான். அவசரப்பட்டு வேகமாக அமுக்க வேண்டாம் என்று சொன்னேன். வேகமாக அடித்தால் ஆயிலே நுரைத்துவிடும். தம்பி டப்பாவை ஒரு முறைகூடக் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே விடவில்லை. அதை மறந்தால் மேலேயிருந்து மறுபடி காற்று இறங்கும், ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

முக்கால் மணி நேரத்தில் டியூபில் வெளிர் மஞ்சள் மட்டும் வந்தது. லிவர் கெட்டியாகிவிட்டது. ஆனால் முழுக்க இல்லை, முதல் அங்குலத்தில் இன்னும் ஒரு மெத்தைத்தனம் இருந்தது. மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். மேலே வளைவில் பொடிக்குமிழ் ஒட்டியிருக்கும், நிப்பிளை இறுக்கி, டப்பா மூடியைப் போட்டு, லிவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டி ராத்திரி விடுங்கள் என்றார். சைக்கிள் டியூப் துண்டால் கட்டினோம். அழுத்தத்தில் இருக்கும்போது குமிழ்கள் சிறுத்து மேலே ஏறும், காலையில் கட்டை அவிழ்த்ததும் டப்பாவுக்குள் போய்விடும். காலையில் அவிழ்த்துப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு விரலில் நின்றது, கல் மாதிரி.

2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏபிஎஸ் (திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயம். அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் தீர்ந்து ஏபிஎஸ் பெட்டிக்குள்ளேயே காற்று போயிருந்தால், அதை இயக்கி ஏர் எடுக்கக் கணினிக் கருவி தேவைப்படலாம். அதை வீட்டில் முயல வேண்டாம். மட்டம் இறங்காமல் வெறும் ஆயில் மாற்றம் என்றால் இதே முறைதான்.

தெருவில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் பத்துப் பதினைந்து முறை நிறுத்திப் பார்த்தேன். நிப்பிள் ஓரத்தில் வெள்ளைத் துணி வைத்து அழுத்திப் பார்த்தேன், ஈரம் இல்லை. பழைய ஆயிலை மண்ணில் ஊற்றவில்லை. நல்ல தண்ணீருக்கு நம் ஊர் படும் பாடு தெரிந்தவர்கள் ஊற்ற மாட்டார்கள். பாட்டிலோடு மெக்கானிக் அண்ணனின் கழிவு ஆயில் டிரம்முக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரிடமே இரண்டு ரப்பர் தொப்பி வாங்கி ஒன்றை மாட்டினேன், இன்னொன்று தம்பியிடம் இருக்கிறது. டப்பாவில் தேதி எழுதி ஒட்டினோம். இனி வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வதோடு, நல்ல தண்ணீரில் காலிப்பரைக் கழுவித் துடைப்பதாகவும் தம்பி சொல்லியிருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து அரிச்சல்முனை வரை போனேன். திரும்பும்போது பாம்பன் பாலத்தின் நடுவில், ரயில் வருகிறது என்று ஒரு சிறுவன் கார்களுக்கு இடையிலிருந்து ஓடி வந்தான். வண்டி அவனுக்கு நாலு அடி முன்னால் நின்றது. அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். சிறுவனின் அப்பா ஓடி வந்து அவனைத் தூக்கிக்கொண்டார். ரயில் கடந்து போகும் வரை நானும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அங்கேயே நின்றேன்.